முன் அரை மணி, பின் அரை மணி: வீட்டில் படிக்கும் குழந்தைகளுக்குக் காசில்லாத ஊர்சுற்றல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் இரண்டு மாதங்களுக்கு யாரும் வெளியே போவதில்லை. இதைப் படிக்கும் உங்களில் பலர் இப்போது அந்த இரண்டு மாதங்களில்தான் இருப்பீர்கள். என் அக்கா வீட்டிலும் அப்படித்தான் ஆயிற்று. ஒரே ஒரு வித்தியாசம், அந்த வீட்டுக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. ஆகவே காலை எட்டரை மணிக்குக் கம்ப்யூட்டரை விட்டு எழுந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

அக்கா வீடு சென்னை மேடவாக்கத்தில் இருக்கிறது. பெரியவனுக்கு 10 வயது, சின்னவளுக்கு 6. பெரியவன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது தினமும் காலையில் வயிற்று வலி என்று அழ ஆரம்பித்தான். டாக்டரிடம் காட்டினால் வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. பல மாத யோசனைக்குப் பிறகு அக்கா தன் அக்கவுண்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு, இருவரையும் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லித்தரத் தொடங்கினாள். இது சரியா தவறா என்று வாதாட நான் வரவில்லை. வயிற்று வலி நின்றுவிட்டது என்பதை மட்டும் சொல்லிக் கொள்கிறேன்.

இரண்டு சம்பளம் ஒன்றாகிவிட்ட வீடு. ஆகவே 2024 தீபாவளிக்கு நானே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொண்டுபோய் வைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. மூன்று வாரம் கழித்துப் போனபோது அக்கா சமையலறையில் இருந்தபடியே சொன்னாள்: "நீ வாங்கிக் குடுத்த பெட்டிதான்டா இப்போ அவனுக்கு ஸ்கூல், மைதானம், சிநேகிதன் எல்லாம். தெருவுக்குக்கூட இறங்க மாட்டேங்கிறான்."

எட்டிப் பார்த்தேன். பையன் ஏதோ ஒரு நாட்டு ஏரியில் கூழைக்கடாக்கள் மீன் பிடிக்கும் வீடியோவைப் பார்த்துக் கொண்டிருந்தான். அவன் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வந்துவிடும். அங்கே அதே கூழைக்கடாக்கள் காசு கேட்காமல் நின்று கொண்டிருக்கும். நானே நாள் முழுக்க ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன். எனக்கே சுருக்கென்றது.

அன்று நானும் அக்காவும் ஒரு விதி வைத்தோம். எங்காவது கிளம்பும் முன் அரை மணி நேரம் கம்ப்யூட்டர். திரும்பி வந்தபின் அரை மணி நேரம் கம்ப்யூட்டர். நடுவில் உள்ள நேரமெல்லாம் வெளியே. இரண்டாவது நிபந்தனையும் உண்டு. போகிற இடத்தில் நுழைவுக் கட்டணம் இருக்கக் கூடாது. சென்னையில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகும் திட்டம் 2021 மே மாதம் தொடங்கியது. ஆகவே பெரும்பாலான நாட்களில் அக்காவின் மொத்தச் செலவு பையனுடைய பஸ் டிக்கெட்தான்.

இந்தக் கட்டுரையில் அப்படி நாங்கள் போன சில இடங்களையும், போகும் முன்னும் வந்த பின்னும் கம்ப்யூட்டரில் என்ன செய்தோம் என்பதையும் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறவர்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து பார்க்கலாம். வேறு ஊர் என்றால் உங்கள் ஊர் ஏரியையும் மலையையும் சந்தையையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கரணை: முதல் பட்டியல்

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குக் கொடுக்கப்படும் அங்கீகாரம் அது. பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைகள் அதிகம் தென்படும். துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் 200 அடிச் சாலை இந்தச் சதுப்பின் நடுவே செல்வதால், சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். வாகனங்கள் வேகமாக வரும். குழந்தையின் கையை விடாதீர்கள்.

முன் அரை மணி: இபேர்ட் என்ற தளம் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் கூடத்தால் 2002-இல் தொடங்கப்பட்டது. அதில் எக்ஸ்ப்ளோர் பகுதிக்குச் சென்று பள்ளிக்கரணை என்று தேடினால், அங்கே மற்றவர்கள் பார்த்துப் பதிவு செய்த பறவைகளின் பட்டியல் கிடைக்கும். பட்டியல் மிக நீளம். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். நாங்கள் கூழைக்கடா, பூநாரை, மஞ்சள் மூக்கு நாரை, நீலத் தாழைக்கோழி, பவளக்கால் உள்ளான் என ஐந்தை மட்டும் எடுத்து, படத்தோடு ஒரே பக்கத்தில் பிரிண்ட் செய்து கொண்டோம்.

முதல் நாள் ஐந்தில் மூன்றுதான் கிடைத்தன. பூநாரை வரவில்லை. ஆனால் கூழைக்கடா கிடைத்தது. வீடியோவில் பார்த்ததைவிட அது மிகப் பெரியதாக இருக்கிறது என்று பையன் இரண்டு மூன்று தடவை சொன்னான். ஸ்கிரீனில் எல்லாப் பறவையும் ஒரே அளவுதானே! சின்னவளுக்குத் தாழைக்கோழியின் சிவப்பு மூக்கு பிடித்துவிட்டது. சதுப்பை ஒட்டியிருக்கும் பெருங்குடி குப்பைக் கிடங்கையும் அன்று பார்த்தார்கள். "நம்ம வீட்டுக் குப்பையும் இங்கதான் வருதா?" என்று பையன் கேட்டான். எந்த வீடியோவும் அவனை இப்படி ஒரு கேள்வி கேட்க வைத்ததில்லை.

பின் அரை மணி: போட்டோக்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினோம். இங்கே புதியவர்களுக்கு ஒரு யோசனை. போல்டருக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டை முதலிலும், பிறகு மாதம், பிறகு தேதி என்றும் வையுங்கள். 2024-11-24 பள்ளிக்கரணை என்பது போல. இப்படி வைத்தால் பெயர் வரிசையில் அடுக்கும்போது போல்டர்கள் தாமாகவே தேதி வரிசையில் வந்து நிற்கும். தேதியை முதலில் வைத்தால் ஜனவரி 5-ஆம் தேதியும் மார்ச் 5-ஆம் தேதியும் அடுத்தடுத்து வந்து குழப்பும்.

தமிழில் டைப் செய்யத் தனியாக சாப்ட்வேர் தேட வேண்டியதில்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் டைம் அண்ட் லேங்குவேஜ் பிரிவில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 கீபோர்டைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். பையன் அதைப் பழகியது பறவைப் பெயர்களை அடித்துத்தான்.

காய்கறிச் சந்தை: கணக்குப் பாடம்

இதற்கு மெனக்கெட்டு எங்கும் போக வேண்டாம். வாரம் ஒரு முறை அக்கா காய் வாங்கப் போகும்போது பிள்ளைகளும் போவார்கள். வாங்குவது அம்மாவின் வேலை. விலை கேட்டு நோட்டில் எழுதுவது பையனின் வேலை. தக்காளி, சின்ன வெங்காயம், முருங்கைக்காய், இவற்றோடு மீன் கடையில் சங்கரா மீன். நான்கு பொருள், நான்கு விலை. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்து, முதல் காலத்தில் தேதி, அடுத்த நான்கு காலங்களில் விலைகள் என்று என்டர் செய்ய வேண்டும். லிப்ரே ஆபீஸ் இலவசமாகவே கிடைக்கிறது. இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். ஏழெட்டு வாரம் சேர்ந்த பிறகு எல்லாக் கட்டங்களையும் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் மெனுவில் சார்ட் என்பதில் கிளிக் செய்து, லைன் வகையைத் தேர்ந்தெடுங்கள். விலை ஏறுவதும் இறங்குவதும் கோடாக வந்து நிற்கும்.

அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் பையன் காரணம் கேட்க ஆரம்பித்தான். மழை பெய்த வாரங்களுக்குப் பிறகு தக்காளிக் கோடு ஏன் மேலே போகிறது? மீன் கோடு ஏன் ஏப்ரல் கடைசியில் ஏறுகிறது? இரண்டாவது கேள்விக்கு மீன்காரம்மாவே பதில் சொல்லிவிட்டார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்தத் தடை. அந்த நாட்களில் நாட்டுப் படகு, பைபர் படகுகளில் வரும் மீன்தான் சந்தைக்கு. வரத்துக் குறைந்தால் விலை ஏறும். பத்தாம் வகுப்புப் பொருளாதாரம் பத்து வயதில் புரிந்துவிட்டது.

நூலகம்: கூகுளில் கிடைக்காத விடை

கோட்டூர்புரத்தில் இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. உள்ளே சென்று படிக்கக் கட்டணம் இல்லை. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. எழும்பூரில் இருக்கும் கன்னிமாரா நூலகம் இன்னும் பழையது, 1896-இல் திறக்கப்பட்டது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி அனுப்பப்பட வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று.

இங்கே நாங்கள் ஒரு விளையாட்டு வைத்தோம். முன் அரை மணியில் பையன் மூன்று கேள்விகளை டைப் செய்து பிரிண்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். கேள்விகளுக்கு இண்டர்நெட்டில் தேடிப் பார்க்கலாம். ஆனால் கிடைத்த பதிலை ஒரு புத்தகத்தில் உறுதி செய்தால்தான் மார்க். அவன் தேடி எடுத்துவந்த மூன்று பதில்களில் ஒன்று, நூலகப் புத்தகத்தோடு ஒத்துப் போகவில்லை. இண்டர்நெட்டில் இருப்பதெல்லாம் உண்மையல்ல என்று நான் நூறு முறை சொல்லியிருப்பேன். அவனே கண்டுபிடித்த அந்த ஒரு முறைதான் மனதில் நின்றது. இப்போது கேட்டதும் பதில் எழுதித் தரும் ஏஐ புரோகிராம்கள் வந்துவிட்ட நிலையில், இந்தப் பழக்கம் பிள்ளைகளுக்கு முன்பைவிட அவசியம்.

கடற்கரை: செல்போன் பைக்குள்ளே

ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கடற்கரைக்கு பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். ஓர் ஆமை ஒரே தடவையில் நூறு முட்டைகளுக்கு மேலும் இடும். முட்டையிட்டதும் மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். தெருவிளக்கு வெளிச்சத்தைப் பார்த்துக் குழம்பி, கடலை விட்டுச் சாலைப் பக்கம் போய்விடும் குஞ்சுகள் பல. இதைத் தடுக்கத்தான் மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாப்பாகப் பொரிக்க வைக்கிறார்கள். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் அவர்களோடு நடக்க வாய்ப்பு உண்டு. பல கிலோமீட்டர் மணலில் நடை என்பதால் சின்னக் குழந்தைகளுக்கு முடியாது. அவர்களைக் குஞ்சுகளைக் கடலில் விடும் மாலை நேரத்துக்கு அழைத்துச் செல்லலாம். எந்த நாள், எத்தனை மணி என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் இறந்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. நாங்கள் பெசன்ட் நகர் போன முதல் நாள் பிள்ளைகள் பார்த்தது உயிருள்ள ஆமையை அல்ல, இறந்து கிடந்த ஓர் ஆமையை. சின்னவள் அழுதாள். திரும்பி அழைத்துச் சென்றுவிடலாமா என்று அக்கா என்னைப் பார்த்தாள். பையன் கிட்டே போய் நின்று, கடலில் வாழ்கிற பிராணி எப்படி மூழ்கிச் சாகும் என்று கேட்டான். ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல்தான், மூச்சு விட மேலே வந்தே ஆகவேண்டும், வலையில் மாட்டிக்கொண்டால் மேலே வர முடியாது என்று சொன்னேன். வெகு நேரம் பேசாமல் நின்றான்.

மார்ச்சில் குஞ்சுகளைக் கடலில் விடும் மாலைக்கு மறுபடி போனோம். பிளாஷ் அடிக்கக் கூடாது, டார்ச் போடக் கூடாது என்பது அங்கே விதி. ஆகவே அன்றைக்கு எங்களிடம் ஒரு போட்டோவும் இல்லை. உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சுகள் அலையைத் தொட்டதும் காணாமல் போனதை நான்கு பேரும் கண்ணால் மட்டும்தான் பார்த்தோம். பின் அரை மணியில் பையன் படம் வரைந்தான்.

பரங்கிமலை: மேப் எங்கிருந்து வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த பயணம் இதுதான். செல்போனில் மேப்பைத் திறந்தால் நாம் நிற்கும் இடம் நீலப் புள்ளியாகத் தெரிகிறது. பிள்ளைகளுக்கு அது குழாயில் தண்ணீர் வருவது போல. ஆனால் இந்தியாவை அளக்கும் பெரும் முக்கோண அளவைப் பணியின் முதல் அடிக்கோடு அளக்கப்பட்டது நம் பரங்கிமலையின் பக்கத்தில்தான். வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று அதைத் தொடங்கினார். பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் ஏழரை மைல். 100 அடி நீள எஃகுச் சங்கிலியை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, கிட்டத்தட்ட 400 முறை அளந்தார்கள். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்த கணக்குதான், பல பத்தாண்டுகள் கழித்து எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கண்டுபிடிப்பது வரை போனது.

முன் அரை மணி: கூகுள் மேப்ஸைக் கம்ப்யூட்டரில் திறந்து, பரங்கிமலை மேல் ரைட் கிளிக் செய்திடுங்கள். வரும் மெனுவில் மெஷர் டிஸ்டன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, பிறகு பெரும்பாக்கம் குன்றின் மேல் கிளிக் செய்தால் தூரம் தெரியும். எங்களுக்கு 12 கிலோமீட்டரையொட்டி வந்தது. ஏழரை மைலைக் கிலோமீட்டராக மாற்றும் கணக்கைப் பையனிடம் கொடுத்தோம். 12.07 என்று வந்தது. சங்கிலிக்காரர்களுக்கு அவன் மனதில் மரியாதை கூடிவிட்டது.

பெரும்பாக்கம் அவர்கள் வீட்டிலிருந்து அடுத்த ஊர். ஆகவே லாம்டன் சங்கிலி போட்ட கோடு நம் பேட்டை வழியாகத்தான் போயிருக்கிறது என்று புரிந்ததும், மலைக்குப் போவதற்கு யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் ஏறினால் மேலே பழைய தேவாலயமும், லாம்டனின் மார்பளவுச் சிலையும் இருக்கின்றன. கட்டணம் இல்லை. விமான நிலையத்தில் விமானங்கள் இறங்குவதும் தெரியும். தெற்கே பார்த்து, பெரும்பாக்கம் எந்தப் பக்கம் என்று கையை நீட்டச் சொன்னோம். போனில் காம்பஸை வைத்துச் சரி பார்த்தோம். இது வழிபாட்டு இடம் என்பதால் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லுங்கள்.

நான் செய்த தவறு

இப்போது ஒரு வெட்கமான விஷயம். மார்ச் கடைசியில் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று அக்கா சொன்னாள். சாப்ட்வேர் இன்ஜினியர் தம்பி எதற்கு இருக்கிறான்? முழுவதும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்து கொடுத்தேன். சி டிரைவை மட்டும் பார்மட் செய்தேன். பிள்ளைகளின் பைல்கள் எல்லாம் டி டிரைவில்தான் இருக்கும் என்று நினைத்துக் கொண்டேன். நான்தானே அங்கே போல்டர் போட்டுக் கொடுத்தேன்!

பையன் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தான். கண் முன்னால் தெரியும் இடம் என்பதால். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: டெஸ்க்டாப் என்பது தனி இடமல்ல. அதில் வைக்கும் பைல் சாதாரணமாக சி டிரைவில்தான் இருக்கும். டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் போல்டர்களும் அப்படித்தான். பைல்களை இண்டர்நெட்டில் தானாகச் சேமிக்கும் ஒன்டிரைவ் வசதியையும், நெட் வேகம் குறைகிறது என்று நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். போனிலாவது போட்டோக்கள் இருக்குமா என்றால், இடம் போதவில்லை என்று காப்பி செய்யாமல் கட் செய்து மாற்றியிருந்தார்கள். அழிந்த பைல்களை மீட்கும் புரோகிராம்களை இரவெல்லாம் ஓட்டிப் பார்த்தேன். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஓரளவு கிடைத்திருக்கும். இது எஸ்எஸ்டி. அழிக்கப்பட்ட இடத்தை இந்த வகை டிரைவ்கள் தாமாகவே சுத்தமாகக் காலி செய்துவிடும். ஒன்றும் கிடைக்கவில்லை.

நான்கு மாத போட்டோக்கள், பறவைப் பட்டியல், விலைக் கணக்கு எல்லாம் போயின. பையன் அழவில்லை. என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

ஆனால் விலைகள் எழுதிய 40 பக்க நோட்டு இருந்தது. பறவைப் பெயர்களைப் பென்சிலால் டிக் செய்த தாள்கள் இருந்தன. ஆமைக் குஞ்சுப் படம் சுவரில் ஒட்டியிருந்தது. அவற்றை வைத்து மூன்று நாளில் அவனே மறுபடியும் டைப் செய்துவிட்டான். போட்டோக்கள் மட்டும் திரும்பவில்லை. ஆனால் எந்தப் பறவை எந்த இடத்தில் நின்றது என்பது தாளில் இல்லாதபோதும் அவனுக்கு ஞாபகம் இருந்தது. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்த வீடியோக்களில் ஒன்றாவது அப்படி ஞாபகம் இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

இப்போது அந்த வீட்டில் சில விதிகள் இருக்கின்றன. நீங்களும் இன்றே தொடங்குங்கள்.

1. வெளியே போகும்போது சின்ன நோட்டும் பென்சிலும் கட்டாயம்.

2. போனிலிருந்து மாற்றும்போது கட் வேண்டாம், காப்பி மட்டும். கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே போனில் அழிக்க வேண்டும்.

3. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மொத்த போல்டரையும் ஒரு பென் டிரைவில் காப்பி செய்து, அதைக் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும். கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்தால் அது பேக்கப் ஆகாது.

4. குழந்தை இருக்கும் போட்டோவை யாருக்காவது அனுப்பும் முன் அதில் இடம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். போட்டோ பைல் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் சென்று, டீடெய்ல்ஸ் டேபில் பார்த்தால் ஜிபிஎஸ் விவரம் தெரியும். அதே இடத்தில் கீழே உள்ள ரிமூவ் பிராப்பர்ட்டீஸ் அண்ட் பெர்சனல் இன்பர்மேஷன் என்பதில் கிளிக் செய்து நீக்கிவிடலாம்.

ஐந்தாவது விதியைப் பையனே எழுதி சிபியு மேல் ஒட்டியிருக்கிறான்: "மாமா தொடக் கூடாது."

நிழல் இல்லாத நாள்

கடைசியாக, மொட்டை மாடிக்குப் போனாலே போதும் என்கிற ஒரு பயணம். ஆண்டுக்கு இரண்டு நாட்கள் சென்னையில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிமிர்ந்து நிற்கும் பொருளுக்கு நிழல் விழாது. சென்னைக்கு அது ஏப்ரல் 24 மற்றும் ஆகஸ்ட் 18 வாக்கில். உங்கள் ஊருக்குத் தேதி மாறும். கடக ரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களுக்கு இந்த வாய்ப்பே இல்லை.

உங்கள் ஊர்த் தேதியைக் கண்டுபிடிக்க ஸ்டெல்லேரியம் என்ற இலவச புரோகிராமை இன்ஸ்டால் செய்திடுங்கள். எப்6 கீயைத் தட்டினால் ஊரைத் தேர்ந்தெடுக்கும் விண்டோ வரும். எப்5 கீயில் தேதியையும் நேரத்தையும் மாற்றலாம். எப்3 தட்டி, சூரியனின் ஆங்கிலப் பெயரை டைப் செய்து எண்டர் தட்டினால் சூரியன் தேர்வாகி, அதன் விவரங்கள் தெரியும். அதில் உயரக் கோணம் 90 டிகிரியை நெருங்கும் நாளும் நேரமும்தான் உங்களுக்கு வேண்டியது. சரியாக 12 மணிக்கு அது நடக்காது. நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்க ரேகைக்கு வைக்கப்பட்டது. சென்னை அதற்கு மேற்கே இருப்பதால் சில நிமிடங்கள் தாமதமாகும். ஏப்ரல் 24 அன்று 12 மணி 7 நிமிடத்தை ஒட்டி வரும் என்று பையன் கணக்கிட்டு வைத்திருந்தான்.

2025 ஏப்ரல் 24 வியாழக்கிழமை. நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். மாடியில் எனக்கு முன்பே ஐந்தாறு பேர் இருந்தார்கள். கோடை விடுமுறையில் இருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். கூப்பிட்டது யார் என்று அக்காவைக் கேட்டேன். அவனேதான் காலையில் ஒவ்வொரு கதவாகத் தட்டினான் என்றாள். தெருவுக்கே இறங்காமல் இருந்தவன்.

எவர்சில்வர் டம்ளர், தண்ணீர் பாட்டில், கிரிக்கெட் ஸ்டம்ப் என்று ஆளுக்கொன்றை வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். நிழல் ஒடுங்கி ஒடுங்கி அடிப்பக்கத்துக்குள் போனது. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று சின்னவள் எல்லோரையும் அதட்டிக் கொண்டிருந்தாள். பையன் தேதி, நேரம், தீர்க்க ரேகை என்று விளக்கிக் கொண்டிருந்தான். ஸ்கிரீன் கீழே வீட்டில் அணைந்திருந்தது.

"பரீட்சை எப்படி?" என்று அக்காவிடம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1989-இல் தொடங்கப்பட்ட தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது நிறைந்தவர்கள் அதன் வழியாகப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை தேதி வரிசையில் அடுக்கிய போல்டர்களைக் காட்டுகிறாள்.

நீங்கள் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் நல்ல கம்ப்யூட்டர்தான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை அதை அரை மணி நேரம் மட்டும் போட்டு, உங்கள் ஊர் மேப்பைத் திறந்து, பிள்ளைகள் இதுவரை போகாத, காசு கேட்காத ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஷட் டவுன் செய்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். திரும்பி வந்ததும் மீதி அரை மணி இருக்கிறது. மறக்காமல் பேக்கப் எடுங்கள்.